கட்டை ரயில்

ஜூன் 9, திங்கள்

இன்று உச்சி மேட்டின் கடைசிச் சட்டத்தை ஏற்றினார்கள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து இதுவரை திருமூர்த்தி மலை தெரிந்துகொண்டிருந்தது. இனி மலைக்கு முன்னால் மரம் தெரியும். அறுபத்திரண்டு அடி உயரம்.

ரோலர் கோஸ்டர் முழுக்க மரத்தில். முதலாளி தண்டபாணி அதற்கு 'வனப்புயல்' என்று பெயர் வைத்து, ரோட்டைப் பார்த்த மாதிரி பலகையும் மாட்டிவிட்டார். காலையில் உடுமலை பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது கேட்டார்: "கட்டை ரயிலு எப்பங்க்கா ஓடும்?" ஊர் பெயர் வைத்துவிட்டது. பலகை வீண்.

பதினேழு வருடமாக இந்தப் பூங்காவின் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள் என்பதால் சுழல்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் எனக்குப் புரியும் என்று முதலாளி நம்புகிறார். கட்டை ரயிலுக்குத் தினமும் இரண்டு கையெழுத்து வேண்டுமாம். ஒன்று மெக்கானிக், இன்னொன்று நான். இப்போதிருக்கும் மெக்கானிக் அடுத்த மாதம் துபாய் போகிறார்.

"மயில்சாமியக் கேட்டுப் பாக்கட்டுமா, அம்மிணி?" என்றார் முதலாளி.

கேளுங்கள் என்றேன். மயில்சாமி என் கணவர். எட்டு வருடம் முன்பு வரை இங்கே அவர்தான் மெக்கானிக். ஆட்களைக் கோப்பைகளில் உட்காரவைத்துச் சுற்றும் கோப்பை ராட்டினத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு விலகிவிட்டார். இப்போது பழனி ரோட்டில் ஒரு ஷெட்டில் போர்வெல் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறார்.

மாவு ஆட்டினேன். உளுந்து கொஞ்சம் அதிகமாக ஊறிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டில் இருக்கும் சாமான்களுக்கு டிக் போட்டு, இல்லாததை வாங்கி வரச் சொல்லி அவரிடம் சீட்டு கொடுத்தேன். சோப்பு வரவில்லை.

"சோப்புக்கு டிக் இருந்துச்சே" என்றார். எடுத்துப் பார்த்தால், பருப்புக்குப் போட்ட டிக்கின் வால் சோப்பின் மேல் விழுந்திருக்கிறது.

"உன்ர டிக்குக்கு எப்பவும் வாலு நீளம்" என்றார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

காற்று. குடையை எடுத்துப் போனேன், விரிக்க முடியவில்லை, திரும்பக் கொண்டுவந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். மயில்சாமி கையில் கிரீஸோடு எழுந்து நின்றார்.

"மயிலு, மோட்டாரு சத்தத்தக் கேட்டே பேரிங் போயிருச்சுன்னு சொல்ற ஆளு நீ. அந்தக் காது இங்க சும்மா கெடக்குது."

"காயில் கட்டறதுக்கும் காது வேணுமுங்க."

"எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அந்த விசாரணை ஃபைல்ல என்ர பேரு இருக்குது. நாளைக்கு யாராச்சும் எடுத்துப் பாத்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"அத நான் பாத்துக்கறன். நீ வந்து மரத்த மட்டும் பாரு."

"யோசிச்சுச் சொல்றனுங்க."

நான் டீ கொண்டுபோய் வைத்தேன். மூன்று டம்ளரில் ஒன்றுக்குச் சர்க்கரை போட மறந்திருக்கிறேன். என்னுடையது இனித்தது. மற்ற இருவரில் யாருக்கு அது போனது என்று இருவரும் சொல்லவில்லை.

முதலாளி போன பிறகு, "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டார். உங்க இஷ்டம் என்றேன்.  அவர் கிரீஸைத் துடைக்கப் போனார்.

ஜூன் 24, செவ்வாய்

'சும்மா பாக்கறதுக்கு' வந்தார். மூன்று மணி நேரம் பார்த்தார். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு தூணாகத் தட்டி, காதைச் சாய்த்து, அடுத்ததற்குப் போனார். ஆபீஸிலிருந்து எனக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டிக்கெட் ரோல் எண்ணிக்கையை இரண்டு முறை தவறவிட்டேன்.

இரவு சாப்பிடும்போது அவராகவே சொன்னார்: "இரும்பு ஒடையறப்பத்தான் சொல்லும். மரம் முன்னாடியே சொல்லிருது." நீண்ட நாளைக்குப் பிறகு முழுதாக ஒரு பேச்சு. இன்னொரு தோசை கேட்டார்.

ஜூலை 2, புதன்

சேர்ந்துவிட்டார். இன்று கம்பெனி இன்ஜினியர் பயிற்சி கொடுத்தார். குறிப்பெடுக்கும் வேலை எனக்கு.

மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதனால் நட்டுகள் மெல்லத் தளரும். ஒவ்வொரு நட்டையும் அளவாக முடுக்கிய பிறகு, நட்டிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுக்கிறார்கள். நட்டு ஒரு இம்மி திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். தினமும் காலையில் தண்டவாளத்தை ஒட்டி நடந்து கோடுகளைப் பார்க்க வேண்டும். மொத்தம் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கோடுகள். பார்த்த பிறகு செக் ஷீட்டில் டிக். கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர்கள்தான் அன்றைய முதல் வண்டியில் ஏற வேண்டும். இது கம்பெனி விதி.

"பாக்காமலே டிக் போட்டா?" என்று மயில்சாமி கேட்டார்.

இன்ஜினியர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. வேறு பேனா எடுக்க ஆபீஸுக்குப் போய் வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

வண்டியில் இருபத்து நான்கு இருக்கைகள். ஒவ்வொன்றிலும் மணல் மூட்டைகளை உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். ஊழியர்கள் மூட்டைகளின் மேல் சாக்பீஸால் பெயர் எழுதிவிட்டார்கள். கேன்டீன் ராஜாமணி எட்டாம் வரிசை மூட்டைக்குத் தன் மாமியார் பெயரை எழுதியிருக்கிறாள்.

"எறங்கி வர்றப்ப மொகத்தப் பாக்கோணுங்க்கா" என்று பிளாட்பாரத்திலேயே நின்றாள்.

பதினோராவது ஓட்டத்தில் அந்த மூட்டைதான் கிழிந்து மணல் கொட்டியது. "பாத்தீங்களா, இங்கயும் வாய மூடிட்டு உக்காரல" என்றாள். மயில்சாமிகூடச் சிரித்தார். அவர் சிரிக்கும்போது தோள் குலுங்கும் என்பதை மறந்திருந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

கூட்டம் அதிகம். பாதிப்பேர் எதிலும் ஏறுவதில்லை. வேலி ஓரமாக நின்று மூட்டைகள் போய் வருவதைப் பார்க்கிறார்கள்.

நாலரை மணிக்கு விசாரணை ஜன்னலில் ஒரு பெண். பதினேழு வயது இருக்கும்.

"கால்ல பிளேட் வெச்சிருந்தா ஏத்துவீங்களா?"

"டாக்டர் லெட்டர் வேணும்."

"எந்த டாக்டருங்க?"

"எலும்பு டாக்டர்."

"ஆவணின்னு போட்டிருக்கீங்க. ஆவணி எப்பங்க?"

"தேதி இனிமேத்தான் சொல்லுவாங்க."

"பேரு எழுதி வெச்சுக்கறீங்களா?"

"அப்படி எழுதறதில்லம்மா."

போனாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். பெயரைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. தாரணி. கோப்பை ராட்டினத்தின் ஐந்தாம் கோப்பை கழன்றபோது ஒன்பது வயது, மஞ்சள் கவுன். அவளுக்கு என்னைத் தெரிந்த மாதிரி இல்லை.

நடந்தது இவ்வளவுதான். அது ஒரு வியாழக்கிழமை. மயில்சாமி அவருடைய தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக இரண்டு நாள் லீவில் இருந்தார். செக் ஷீட்டில் வியாழக்கிழமைக் கட்டத்தில் டிக் இருந்தது. ஆபரேட்டர் டிக்கைப் பார்த்துவிட்டு ஓட்டினார். லீவுக்குப் போகும் முன்பே தானே போட்டுவைத்த டிக் அது என்று மயில்சாமி விசாரணையில் சொன்னார். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டிலும் கேட்கப்படவில்லை.

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. நாளை புக் பண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அணைக்குப் போன கூட்டமெல்லாம் திரும்பும் வழியில் இங்கே இறங்கியது. கட்டுச்சோற்றுத் தூக்கோடு வேலியில் சாய்ந்துகொண்டு, வண்டி உச்சியிலிருந்து விழும்போதெல்லாம் அவர்களே கத்தினார்கள், தாங்கள் ஏறியிருப்பது போல. ஒரு பெரியவர் என்னிடம், "ஏனுங்க, மூட்டைக்கு மட்டுந்தான் எடம் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

தேதி முடிவாகிவிட்டது. ஆவணி ஐந்து, வியாழக்கிழமை. ஜோசியர் குறித்தது. எம்.எல்.ஏ. வருகிறார். என்ன கிழமை என்று மயில்சாமி கேட்டார். சொன்னேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒருவரே முழுவதும் நடந்தால் பூங்கா திறக்கும் நேரத்துக்குள் முடியாது. மேல் பாதி அவருக்கு, கீழ்ப் பாதி எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். இன்று முதல் தடவையாக என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். காலை ஐந்தரை மணி. சேலை சரிப்படாது என்று சுடிதார் போட்டிருந்தேன்.

"கோட்டப் பாரு. ஒடையாம இருந்தா அடுத்ததுக்குப் போ. ஒவ்வொரு தூணு முடிஞ்சதும் டிக்கப் போடு. கடைசில மொத்தமாப் போடாத."

"தெரியும்."

"தெரியும்னு தெரியும்."

கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பாமலே சொன்னார்: "டிக்கோட வாலக் கொறச்சுக்க. பக்கத்துக் கட்டத்துல போயி விழுகுது."

பதில் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் மேல் படியில் ஏறிவிட்டார். கீழ்ப் பாதியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடுகள். ஒன்றரை மணி நேரம் ஆனது. இயற்பியலில் நாங்கள் படித்ததெல்லாம் உராய்வே இல்லாத தளத்தில் உருளும் பந்துகள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முதலாளி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "ஏனம்மிணி, பாக்கறவங்களுக்குக் காக்கா எச்சம் போட்டாப்பல தெரியாதா? ஊருப்பட்ட வெள்ள வெள்ளயா."

கோடுகள் எதற்கு என்று மறுபடியும் சொன்னேன். தெரியும், தெரியும் என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

நாளை.

காலையில் நடந்தோம். என் பாதியில் எல்லாக் கோடும் சரி. பிறகு விளம்பர வீடியோ எடுப்பவருக்காக வண்டியை முப்பது தடவை ஓட்டினார்கள். மத்தியானம் பந்தல். குலை தள்ளிய வாழை மரம் நான்கு. திருஷ்டிப் பூசணிக்காய் ஆறு. ஆறு எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆறு மணிக்கு நான் கிளம்பும்போது பெயிண்டர் குப்புராஜ் இரண்டு ஏணியோடு உள்ளே வந்தார். நுழைவாயில் வளைவுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்தரைக்கு ஏறினோம். அவர் மேலே போனார். நான் முதல் தூணில் டார்ச் அடித்தேன். கோடு இல்லை. அடுத்த தூணிலும் இல்லை. நட்டு, தகடு, கோடு எல்லாவற்றின் மேலும் புது பிரவுன் வார்னிஷ் பளபளத்தது. ஏணி எட்டுகிற உயரம் வரை அப்படித்தான் இருந்தது. அதாவது என் பாதி முழுவதும்.

இரண்டு நட்டுகளைத் தொட்டுத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. கையால் தொட்டு அறியும் விஷயம் இல்லை அது. ஆனாலும் மூன்றாவதையும் தொட்டேன்.

ஏழேகாலுக்கு மயில்சாமி இறங்கி வந்தார். அவருடைய தாளில் எல்லா டிக்கும் இருந்தன, கையெழுத்தும் இருந்தது.

"உன்ர பாதி?"

காட்டினேன். வார்னிஷில் விரலை வைத்தார். ஒட்டியது. படியில் உட்கார்ந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி.

எட்டரைக்கு முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். குப்புராஜைக் கூப்பிட்டார்.

"நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க, அந்த வெள்ளயெல்லாம் மறையோணும்னு."

"அதுக்குன்னு அம்புட்டையுமா மறைப்ப?"

"இல்லீங்கண்ணா. ஏணி எட்டுன வரைக்குந்தான்."

முதலாளி அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மிணி, நேத்துக் காலைல நீதான பாத்த? எல்லாம் சரியாத்தான இருந்துச்சு?"

"நேத்துக் காலைல சரி. அதுக்கப்புறம் வீடியோவுக்கு முப்பது தடவ ஓடியிருக்குதுங்க."

"முப்பது தடவையில என்ன ஆயிரும்?"

"அதச் சொல்றதுக்குத்தானுங்க அந்தக் கோடு."

"எம்.எல்.ஏ. பத்தேகாலுக்கு வர்றாரு. கேட்டுக்கு வெளிய பாரு, ரெண்டாயிரம் பேரு. ஒரு டிக்கு, அம்மிணி. பதினேழு வருசமா நீ போடாத டிக்கா?"

என் தாள் பலகையில் கிளிப் போட்டு இருந்தது. தூணுக்கு ஒன்றாக நாற்பத்தாறு கட்டங்கள். பேனாவும் கையில் இருந்தது. பேனாவை மூடினேன்.

"அதுதானுங்க" என்றேன். "அந்த வியாழக்கெழம டிக்கும் நான் போட்டதுதான். திங்கக்கெழமையே வாரம் முழுசுக்கும் சேத்துப் போட்டுருவேன். ஒம்பதரைக்குள்ள ஃபைல்ல இருக்கோணும்னு. அன்னிக்கு யாரும் ராட்டினத்தப் பாக்கல. அவரு போடவே இல்ல. நான் பாக்காம இன்னொண்ணு போட மாட்டனுங்க."

முதலாளி மயில்சாமியைப் பார்த்தார். மயில்சாமி விரல் நுனியில் ஒட்டிய வார்னிஷைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது.

"எத்தன நாளு ஆகும்?" என்னிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்டார்.

"வார்னிஷச் செரண்டி, மறுபடி முடுக்கி, கோடு போடோணும். அஞ்சு நாளு."

எம்.எல்.ஏ. வந்தார், ரிப்பன் வெட்டினார், முன் இருக்கையில் உட்கார்ந்து கையசைத்தார். படம் எடுத்தார்கள். வண்டி நகரவில்லை. பின் வரிசைகளில் மணல் மூட்டைகள் அப்படியே இருந்தன. ராஜாமணியின் மாமியாருக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒருவர், "கட்ட இருக்குது, ரயிலக் காணமே" என்றார். கலைந்து போக இரண்டு மணி நேரம் ஆனது. வேலியோரத்தில் தாரணி இருந்தாளா என்று தேடவில்லை. இல்லை, தேடினேன். தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பகல் முழுவதும் சுரண்டினோம். ஒரே தூணில் இரண்டு பக்கமாக நின்றும் அவர் பேசவில்லை. நிம்மதியில் வரும் மௌனம் என்று எண்ணிக்கொண்டேன். இரவு சாதம் போட்டபோது சொன்னார்:

"யாரு கேட்டா உன்ன?"

"எத?"

"எட்டு வருசமா நான் ஒண்ணு செஞ்சு வெச்சிருந்தேன். அதப் போயி அவருகிட்டக் குடுத்துட்டு வந்து நிக்கற."

"அதுக்காக நான் உங்களுக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்ல" என்றேன்.

"நான் கேட்டனா? அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு, வாணி."

சாப்பிட்டு முடித்துத் தட்டை அவரே கழுவி வைத்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இது முதல் தடவை. அவர் எனக்காகச் சுமந்ததாக நினைத்திருந்தேன். அவருக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு இது தோன்றியதே இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

சுரண்டல்.

ஆகஸ்ட் 25, திங்கள்

முடுக்கி முடித்தாயிற்று. என் பாதியில் தளர்ந்திருந்தவை பதினொன்று.

"அது நெறையா, கம்மியா?" என்று கேட்டேன்.

"மரத்துக்கு அது சாதாரணம்" என்றார்.

அன்றைக்கு ஓட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்கிறாரா என்று யோசித்தேன். அவர் பெயிண்ட் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். மாலை வரை கோடு போட்டேன். அவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே எனக்கு முன்னால் போனார்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி, பள்ளி விடுமுறை. முதலாளி இந்த முறை யாரையும் கேட்காமல் தேதி வைத்தார். பூசணிக்காய் ஒன்றே ஒன்று.

ஐந்தரைக்கு ஏறினோம். தூண் தூணாகப் பார்த்து, தூண் தூணாக டிக் போட்டேன். ஒன்பது மணிக்கு இரண்டு கையெழுத்தும் முடிந்து, விதிப்படி நாங்கள் இருவரும் முன் இருக்கையில் உட்கார்ந்தோம். பின்னால் யாருமில்லை. சங்கிலி டக் டக்கென்று மேலே இழுத்தது. உச்சியில் மலை முழுதாகத் தெரிந்தது. பிறகு விழுந்தோம். இறங்கும்போது மரம் போடும் சத்தம், கீழே நின்று கேட்பதுபோல் இல்லை. நாற்பத்தாறு தூண்களையும் தாண்டும்போது எனக்கு அடையாளம் தெரிந்தது.

பிளாட்பாரத்தில் இறங்கியதும் கேட்டார்: "கண்ணத் தொறந்து வெச்சிருந்தியா?"

"ம்."

"நான் தொறக்கல." கொஞ்சம் நடந்துவிட்டு, "எனக்கு ஒசரம்னா சின்ன வயசுலருந்தே ஆகாது" என்றார்.

அறுபத்திரண்டு அடி உச்சியில் இத்தனை நாள் நடந்தவர். இதையும் எனக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறார்.  அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை.

பத்து மணிக்கு வரிசையைத் திறந்தார்கள். தாரணி ஏழாவது ஆளாக நின்றாள். டாக்டர் லெட்டரை நான்காக மடித்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள். தேதி ஜூலை 22. என்னைக் கேட்டுவிட்டுப் போன இரண்டாம் நாளே வாங்கியிருக்கிறாள்.

நான்காம் வரிசையில் உட்காரவைத்தேன். மடியின் மேல் விழும் கம்பியை அழுத்தி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் அழுத்தினேன்.

"விழுந்துருச்சுங்க்கா" என்றாள்.

"தாரணி" என்றேன். நிமிர்ந்தாள். "கோப்பை ராட்டினத்துக்கு அன்னிக்கு டிக் போட்டது நான். பாக்காமப் போட்டேன்."

என்னைப் பார்த்தாள்.  பின் வரிசையில் யாரோ, "போலாமுங்களா?" என்று கத்தினார்கள்.

"இன்னிக்கு?" என்றாள்.

"இன்னிக்கும் நான்தான்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் முகத்தைத் திருப்பித் தண்டவாளத்தைப் பார்த்தாள். நான் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து, கையை உயர்த்தினேன். ஆபரேட்டர் நெம்புகோலை விட்டார்.

ஒரு சுற்று ஒரு நிமிடம் நாற்பது வினாடி. மயில்சாமி கடைசி வளைவுக்குக் கீழே, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். வேலியில் இருந்தவர்கள் கத்தினார்கள். எனக்கு நட்டுகள் மட்டுமே நினைவில் இருந்தன, ஒவ்வொன்றாக.

வண்டி வந்து நின்றது. இருபத்து நான்கு பேரும் இறங்கினார்கள். தாரணியின் முடி முழுக்கக் கலைந்திருந்தது. இடது காலை முதலில் ஊன்றி இறங்கி, என்னைக் கடந்து படியிறங்கிப் போனாள். வெளிவாசல் வலது பக்கம். அவள் இடது பக்கம் திரும்பி, வேலியைச் சுற்றி நடந்து, வரிசையின் கடைசியில் மறுபடியும் போய் நின்றாள்.